ஊருக்கு ஏன் தெரிய வேண்டும்? பால்புதுமையினர் வெளியில் வருவது பற்றி ஓர் எளிய விளக்கம்

"அவங்க எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும். அதை ஏன் ஊருக்கே காட்டணும்?"

ஜூன் மாதம் பால்புதுமையினரின் வானவில் கொடி ஊர்வலமாகத் தெருவில் இறங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே இறங்கும். கேட்பவர்களில் பலர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வீட்டுக்குள் நடப்பது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்பது அவர்களுக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆகவே அடிப்படையிலிருந்து பதில் சொல்லிப் பார்க்கலாம்.

எல்ஜிபிடிக்யூ என்ற சுருக்கத்துக்குள் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பது ஒன்று. தன்பாலீர்ப்பு உள்ள ஆண்கள், பெண்கள், இருபாலார் மீதும் ஈர்ப்பு உள்ளவர்கள் இதில் வருவார்கள். தான் ஆணா, பெண்ணா, இரண்டுக்கும் வெளியே இருப்பவரா என்று ஒருவர் தன்னை உணர்வது இன்னொன்று. ஆண் குழந்தை என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு ஆணாக உணர்பவர் திருநம்பி. உடலமைப்பிலேயே ஆண், பெண் என்ற இரண்டு அச்சுக்குள் அடங்காமல் பிறப்பவர்கள் இடைப்பாலினத்தவர். எல்லோரையும் சேர்த்துச் சொல்ல, பால்புதுமையினர் என்ற சொல் இப்போது புழக்கத்தில் இருக்கிறது.

எல்லோரும்தான் காட்டிக்கொள்கிறோம்

ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதை நம் ஊரைப்போல் விளம்பரப்படுத்தும் ஊர் குறைவு. கல்யாணம் என்றால் மண்டப வாசலில் மணமக்கள் படத்தோடு ஆளுயர பேனர். பத்திரிகையில் மூன்று தலைமுறைப் பெயர்கள். கழுத்தில் தாலி, காலில் மெட்டி. ரேஷன் கார்டில் உறவுமுறை. வாடகைக்கு வீடு கேட்டால் "ஃபேமிலியா, பேச்சுலரா?" என்பதுதான் முதல் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிடுவார்கள். இதில் எதையும் நாம் காட்டிக்கொள்வதாக நினைப்பதில்லை. அது இயல்பு வாழ்க்கை என்று கடந்துவிடுகிறோம். அதே கேள்விக்குத் தன்பாலீர்ப்பாளர் ஒருவர் உண்மையான பதில் சொன்னால் மட்டும் அது அந்தரங்கத்தைக் கடைவிரிப்பதாக ஆகிவிடுகிறது.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சொல்லாமல் இருப்பது சும்மா இருப்பதல்ல, அது ஒரு முழுநேர வேலை. தமிழில் அந்த வேலை இன்னும் கடினம். நம் வினைமுற்றிலேயே பால் ஒட்டியிருக்கிறது: வந்தான், வந்தாள். "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணே?" என்று அலுவலகத்தில் கேட்டால், தன் துணைவரோடு படத்துக்குப் போன ஆண் "அவன் டிக்கெட் எடுத்திருந்தான்" என்று சொல்ல முடியாது. "எடுத்திருந்தாங்க" என்று மரியாதைப் பன்மைக்குள் ஒளிய வேண்டும். அல்லது "ஃப்ரெண்ட்ஸோட போனேன்" என்று ஒருவரைப் பலராக்க வேண்டும். அல்லது துணிந்து "அவ" என்று மாற்ற வேண்டும். அப்புறம் அந்த "அவ" யார், எந்த ஊர், போட்டோ எங்கே என்று அடுத்த பொய்கள் வரிசையாக வந்து நிற்கும். சொன்ன பொய்யை நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். துணைவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் லீவு கேட்க வேறு காரணம் தேட வேண்டும்.

இந்தச் சுமைக்கு உளவியலில் சிறுபான்மை அழுத்தம் என்று பெயர். அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003-ல் இதை ஒரு முழுமையான விளக்கமாக முன்வைத்தார். பால்புதுமையினரிடையே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதற்கு அவர்களுடைய ஈர்ப்போ பாலினமோ காரணம் அல்ல என்பது அதன் சாரம். ஏச்சு, அடி, புறக்கணிப்பு ஆகியவை ஒருபுறம். எப்போது மாட்டிக்கொள்வோமோ என்ற ஓயாத எதிர்பார்ப்பும், மறைப்பதும், ஊர் சொல்லும் இழிவைத் தானே நம்பத் தொடங்குவதும் மறுபுறம். இரண்டும் சேர்ந்துதான் ஆளை அரிக்கின்றன. இதில் கடைசியாகச் சொன்னதுதான், பிரைடு (பெருமிதம்) என்ற பெயரில் நடக்கும் வானவில் ஊர்வலங்களைப் புரிந்துகொள்ளச் சாவி. தான் அசிங்கமானவர் என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவரிடம் "உன்னிடம் தப்பு எதுவும் இல்லை" என்று காதோடு ரகசியமாகச் சொன்னால் அந்த ரகசியமே அவமானத்தை உறுதிசெய்துவிடும். அதைப் பகலில், தெருவில், பலர் சேர்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணில் படாதவரைக் கணக்கில் எடுப்பதில்லை

மறைந்து வாழ்வது தனிமனித மனநிலைக்கு மட்டும் கேடு என்றால் இந்த விஷயம் மருத்துவரோடு முடிந்துவிடும். ஆனால் அரசு, நீதிமன்றம், மருத்துவம் எல்லாம் தங்கள் கண்ணில் பட்டவர்களை வைத்துத்தான் முடிவெடுக்கின்றன. இதற்கு இந்தியாவில் கிடைக்கும் ஆகத் தெளிவான சான்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் கதை.

1860-ல் ஆங்கிலேயர் எழுதிய அந்தப் பிரிவு, "இயற்கைக்கு மாறான" உடலுறவுக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்க வழி செய்தது. டெல்லியில் எச்.ஐ.வி. பணி செய்துவந்த நாஸ் அறக்கட்டளை அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. மனம் ஒத்த வயதுவந்தவர்களுக்கு இது பொருந்தாது என்று 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் இரண்டைக் கவனியுங்கள். இவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் மிக மிகச் சிறிய துளி என்றது. 150 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பிரிவில் 200-க்கும் குறைவானவர்கள் மீதுதான் வழக்கு நடந்திருக்கிறது என்றது.

இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன? சட்டம் குற்றவாளி என்று சொல்லும்போது யாரும் கையைத் தூக்கி "நான் இருக்கிறேன்" என்று சொல்ல மாட்டார்கள். போலீஸ்காரர் பூங்காவில் பிடித்து மிரட்டிப் பணம் பறித்தால் அவர் மீது புகார் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகும். ஆக, சட்டம் ஆட்களை மறைய வைத்தது; ஆட்கள் மறைந்திருப்பதைக் காட்டியே சட்டம் காப்பாற்றப்பட்டது. இந்த வட்டத்தை நீதிமன்றத்துக்குள் மட்டும் நின்று உடைக்க முடியாது.

அடுத்த சுற்றில் மனுக்களின் தன்மையே மாறியது. 2016-ல் ஐந்து பேர் தங்கள் சொந்தப் பெயரில் உச்ச நீதிமன்றம் போனார்கள்: நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர், பத்திரிகையாளர் சுனில் மெஹ்ரா, சமையற்கலைஞர் ரிது தால்மியா, பாரம்பரிய விடுதிகள் நடத்தும் அமன் நாத், தொழில்முனைவோர் ஆயிஷா கபூர். 2018-ல் ஐஐடிகளில் படித்த ஒரு குழுவும் பெயர் கொடுத்து வழக்கில் சேர்ந்தது. அந்த நேரத்தில் சட்டப்படி இது குற்ற ஒப்புதலுக்குச் சமம் என்பதை மறந்துவிடக் கூடாது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, மனமொத்த வயதுவந்தவர்கள் மீது 377 செல்லாது என்றார்கள். எண்ணிக்கை குறைவு என்பது உரிமையை மறுக்கக் காரணமாகாது என்றும் எழுதினார்கள். இத்தனை காலம் நீதி கிடைக்கத் தாமதமானதற்கு வரலாறு இவர்களிடமும் இவர்கள் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டிருக்கிறது என்று எழுதினார் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. சட்ட வாதங்கள்தான் வழக்கை வென்றன. 2017-ல் வந்த அந்தரங்க உரிமைத் தீர்ப்பின் பங்கும் பெரியது. ஆனால் "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லும் வசதி 2013-க்கும் 2018-க்கும் இடையே பறிபோயிருந்தது.

மருத்துவத்திலும் இதே கதைதான். 1970-களின் தொடக்கம்வரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தன்பாலீர்ப்பு இருந்தது. பட்டியல் போட்டவர்கள் பார்த்ததெல்லாம் சிகிச்சைக்கு வந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும்தான். நிம்மதியாக வாழ்ந்தவர்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. 1972-ல் டல்லஸ் நகரில் நடந்த அந்தச் சங்கத்தின் மாநாட்டில், ரப்பர் முகமூடியும் தொளதொள கோட்டும் போட்டு, குரலை மாற்றும் மைக்கில் ஒருவர் பேசினார். தானும் ஒரு மனநல மருத்துவர், தானும் தன்பாலீர்ப்பாளர், தன்னைப் போல இந்த அரங்கில் இன்னும் பலர் உண்டு என்றார். ஜான் ஃப்ரையர் என்ற தன் பெயரை வெளியில் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். 1973 டிசம்பரில் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பு நீங்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல்தான் நீக்கியது. அந்தத் தேதியில்தான் இன்றும் வெறுப்புக்கு எதிரான உலக நாள் அனுசரிக்கப்படுகிறது.

பழகினால் மாறுமா?

மாறும், ஆனால் எப்போதும் அல்ல. ஒதுக்கப்படும் குழுவோடு நேரில் பழகுவது வெறுப்பைக் குறைக்கும் என்று 1954-ல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னார். கூடவே நிபந்தனைகளையும் போட்டார். இருவரும் சமமான இடத்தில் இருந்து பழக வேண்டும், பொதுவான நோக்கம் இருக்க வேண்டும், போட்டி கூடாது, மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். சிக்னலில் காசு கேட்பவருக்கும் கார் கண்ணாடியை ஏற்றுபவருக்கும் இடையே நடப்பது இந்த நிபந்தனைகளில் ஒன்றைக்கூடப் பூர்த்தி செய்யாது. ஒரே வகுப்பில் படிப்பது, ஒரே அலுவலகத்தில் அருகருகே உட்காருவது, சொந்தத் தம்பியே சொல்வது ஆகியவை பூர்த்தி செய்யும்.

2015-ல் அமெரிக்காவின் மயாமியில் வீடுவீடாகப் போய் ஒரு சோதனை நடந்தது. தன்னார்வலர்கள் வாக்காளர்களிடம் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். வாதாடவில்லை. நீங்கள் எப்போதாவது மற்றவர்களால் வித்தியாசமாகப் பார்க்கப்பட்டதுண்டா என்று கேட்டு, அவர் சொன்னதைக் கேட்டு, அங்கிருந்து மாறிய பாலினத்தவர் (திருநங்கை, திருநம்பி போன்றவர்கள்) படும் பாட்டுக்கு வந்தார்கள். ஆய்வாளர்கள் டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் அதை அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் வெறுப்பு குறைந்தே இருந்தது. பேசப் போனவர் மாறிய பாலினத்தவரா இல்லையா என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. அதாவது ஒரு அக்காவோ நண்பரோ பேசினாலும் பலன் உண்டு.

அயர்லாந்தில் 2015 மே 22 அன்று தன்பாலினத் திருமணத்துக்கான பொது வாக்கெடுப்பு நடந்தது. கத்தோலிக்க மதப்பிடிப்பு மிகுந்த நாடு அது. அங்கே கைகொடுத்த பிரச்சார வழிகளில் ஒன்று, பேரப்பிள்ளைகள் பாட்டிக்குப் போன் போட்டு உங்கள் ஓட்டு எனக்குத் தேவை என்று கேட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் அமைச்சர் லியோ வரத்கர், மும்பையைச் சேர்ந்த மருத்துவரின் மகன், தான் தன்பாலீர்ப்பாளர் என்று வானொலியில் சொன்னார். 62 சதவீத ஓட்டு ஆதரவாக விழுந்தது. இரண்டாண்டில் அவர் பிரதமரும் ஆனார்.

தமிழ்நாட்டில் இதற்கு நீதிமன்றத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோர் கொடுத்த காணாமல்போன புகார்களிலிருந்து பாதுகாப்புக் கேட்டு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் வந்தார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தான் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதை உத்தரவிலேயே பதிவுசெய்தார். ஓர் உளவியலாளரிடம் தனக்கு விளக்க அமர்வு வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அதன்பிறகு 2021 ஜூன் 7-ல் வந்த உத்தரவு, மனமொத்த வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால் காணாமல்போன புகாரைப் போலீஸ் முடித்துவைக்க வேண்டும் என்றது. ஈர்ப்பையோ பாலினத்தையோ "குணப்படுத்துகிறேன்" என்று செய்யும் மாற்று சிகிச்சைகளுக்குத் தடை போட்டது. பிறகு பால்புதுமையினரைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கும் விதி தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்தது. அந்த மாற்று சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. இவ்வளவுக்கும் தொடக்கம் அந்த இரண்டு பெண்கள் நாங்கள் காதலர்கள் என்று மனுவில் எழுதியது. தோழிகள் என்று எழுதியிருந்தால் அது சாதாரண வழக்காக முடிந்திருக்கும்.

பார்க்கப்படுவது வேறு, மதிக்கப்படுவது வேறு

"எங்க ஊர்ல திருநங்கைகளை எல்லாருக்கும் தெரியுமே" என்பார்கள். உண்மைதான். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டி, மறுநாள் அறுத்து, வெள்ளை உடுத்தும் காட்சியைப் பத்திரிகைகள் ஆண்டு தவறாமல் படம் பிடிக்கின்றன. பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் பார்க்கிறோம். சினிமா பல ஆண்டுகளாக அவர்களைச் சிரிப்புக்கும் அருவருப்புக்கும் பயன்படுத்தியது. இத்தனை பார்வை இருந்தும், பார்ப்பவர் மனதில் பதிந்த உருவம் ஒன்றே ஒன்று: கை தட்டும் உருவம். மகளைப் பள்ளிக்கு அனுப்பியவர், வங்கியில் வரிசையில் நிற்பவர், தேர்வு எழுதுபவர் என்ற உருவங்கள் அதில் இல்லை. அதனால் அவர்கள் விண்ணப்பித்தபோது விண்ணப்பத்தில் இடமும் இருக்கவில்லை.

பிரித்திகா யாஷினி விஷயத்தில் அது அப்படியே நடந்தது. காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கான படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள்தான். விண்ணப்பம் தள்ளுபடியானது. தேர்வின் ஒவ்வொரு நிலைக்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 2017-ல் பணியில் சேர்ந்தார். ஒரு படிவத்தில் ஒரு கட்டம் கூடுவதற்கு ஒருவர் தன் வாழ்க்கையைச் செய்தித்தாளில் விரித்துவைக்க வேண்டியிருந்தது. அடுத்து வருபவர் அப்படிச் செய்யத் தேவையில்லை. முதலில் வெளிவருபவர் கொடுக்கும் விலையும் அதன் பலனும் இதுதான். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கியபோதும், சத்யஸ்ரீ ஷர்மிளா 2018-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோதும் அந்த ஒற்றை உருவத்தில் கீறல் விழுந்தது.

அரசு மட்டத்திலும் தமிழ்நாடு சில படிகள் முந்தியிருக்கிறது. திருநங்கையர் நல வாரியம் 2008 ஏப்ரல் 15-ல் அமைந்தது. அந்த நாளே இன்று திருநங்கையர் தினம். இடைப்பாலினக் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர, பாலினத்தைத் "திருத்தும்" அறுவை சிகிச்சை கூடாது என்று 2019-ல் மதுரைக் கிளை சொன்னது, அரசாணையும் வந்தது. ஆனாலும் திருநம்பிகளைப் பற்றிக் கேட்டால் இன்னும் பலர் விழிக்கிறார்கள். திருநங்கைகளுக்கு ஜமாத் என்ற சமூகக் கூட்டு உண்டு, திருவிழா உண்டு, கூட்டாக வாழும் வழக்கம் உண்டு. திருநம்பி பெரும்பாலும் பெண்பிள்ளையாக வீட்டுக்குள் அடைபட்டு, கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, வெளியே தெரியாமலே போகிறார். தன்பாலீர்ப்புள்ள பெண்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. "பால்புதுமையினர் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், எல்ஜிபிடிக்யூவில் எந்த எழுத்துக்குள் வருபவர்கள், எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. ஆங்கிலம் பேசும் பெருநகர ஆண்கள்தான் பெரும்பாலும் பதிலாக வருவார்கள்.

ஊர்வலம் ஏன், அந்த அலங்காரம் ஏன்

1965 முதல் 1969 வரை அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒவ்வொரு ஜூலை 4-ம் தேதியும் தன்பாலீர்ப்பாளர்கள் மறியல் செய்தார்கள். ஆண்கள் கோட்டு சூட்டு, பெண்கள் கவுன், அமைதியாக வட்டமாக நடக்க வேண்டும், கைகோக்கக் கூடாது என்று அமைப்பாளர்கள் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். நாங்கள் உங்களைப் போல ஒழுங்கானவர்கள், வேலை கொடுங்கள் என்று காட்டுவது நோக்கம். 1969-ல் இரண்டு பெண்கள் கைகோத்தபோது அமைப்பாளரே வந்து பிரித்துவிட்டார். சில நாட்களுக்கு முன்தான், ஜூன் 28 அதிகாலையில், நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் புகுந்தபோது அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்றிருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த மறியல் நடக்கவில்லை. பதிலாக 1970 ஜூன் 28-ல் நியூயார்க்கில் ஊர்வலம் நடந்தது. உடைக் கட்டுப்பாடு கிடையாது. நீங்கள் ஒழுங்கானவராகத் தெரிந்தால்தான் உரிமை என்ற பேரத்தை அவர்கள் கைவிட்டார்கள். இன்றைய ஊர்வலத்தில் இறக்கையும் பளபள சேலையும் மீசைக்குக் கீழ் லிப்ஸ்டிக்கும் தெரிவதற்கு வேர் அங்கே இருக்கிறது. பிடிக்காவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் சாதாரண சட்டை பேண்ட்டில் நடக்கும் பெரும்பாலானவர்களை கேமரா எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொடியை கில்பர்ட் பேக்கரும் தோழர்களும் 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் கையால் சாயம் தோய்த்துச் செய்தார்கள். முதலில் எட்டு நிறம். அடர் இளஞ்சிவப்புத் துணி மொத்தமாகக் கிடைக்காததால் அது போனது, பிறகு இன்னொன்றும் போய் ஆறாக நின்றது. இந்தியாவில் 1999 ஜூலை 2-ல் கொல்கத்தாவில் சுமார் 15 பேர் நடந்தது முதல் நடை. சென்னையில் 2009 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதம் வானவில் சுயமரியாதைப் பேரணி நடக்கிறது.

பேரணிக்குள் நடப்பது என்ன? போலீஸ் அனுமதி, குறிக்கப்பட்ட பாதை, முன்னும் பின்னும் தொண்டர்கள், பறை, பதாகைகள், முடிவில் கூட்டம், பெரும்பாலும் அவ்வளவுதான். 2008-ல் டெல்லியில் முதல் பேரணி நடந்தபோது முகமூடி விநியோகித்தார்கள். வீட்டில் தெரியாதவர்களும் நடப்பதற்காக. இது முரண்பாடாகத் தோன்றலாம், ஆனால் பேரணியின் பயனே இங்கேதான் இருக்கிறது. ஒருவர் தனியாக வெளிப்பட்டால் அடி முழுக்க அவர் மேல் விழும். ஆயிரம் பேர் சேர்ந்து நடந்தால் யார் பால்புதுமையினர், யார் ஆதரவாளர், யார் அம்மா, யார் பத்திரிகையாளர் என்று பிரிக்க முடியாது. வர முடியாதவர், தஞ்சாவூரிலோ தூத்துக்குடியிலோ போனில் அந்தப் படத்தைப் பார்த்து, தன்னைப் போல ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறார். ஜூன் மாதம் மட்டும் லோகோவில் வானவில் பூசிவிட்டு, ஜூலையில் துணைவருக்கு மருத்துவக் காப்பீடு கேட்டால் கைவிரிக்கும் நிறுவனங்களால் அந்தப் பயன் வராது.

சிங்கப்பூரில் தெரு ஊர்வலத்துக்கு அனுமதி கிடைப்பது அரிது. அங்கே 2009 முதல் ஹாங் லிம் பூங்காவில் இளஞ்சிவப்பு உடுத்திக் கூடுகிறார்கள். பிங்க் டாட் என்று பெயர். அங்கிருந்த 377ஏ பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நீக்கியது. இலங்கையில் இதே காலனிய வழிவந்த 365, 365ஏ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லோரும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. இது கடமை ஆகிவிட்டால் கொடுமை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனின் பதக்கத்தைப் பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பறித்தார்கள். அவர் உடலைப் பற்றிய பேச்சு ஊடகமெங்கும் ஓடியது. அவர் எதையும் அறிவிக்கவில்லை, மற்றவர்கள் அம்பலப்படுத்தினார்கள். தானே சொல்வதற்கும் பிறர் போட்டுக்கொடுப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

சொல்ல நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பணமும் கூரையும். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் மூன்றுக்கும் பெற்றோரைச் சார்ந்திருக்கும்போது சொன்னால், நடக்கக்கூடியவை: போனைப் பிடுங்குவது, கல்லூரியை நிறுத்துவது, சாமியாரிடமோ மருத்துவரிடமோ இழுத்துப்போவது, அவசரக் கல்யாணம். ஆதார், சான்றிதழ்கள், வங்கி அட்டை ஆகியவற்றின் அசலையோ நகலையோ வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வைத்துவிட்டுப் பேசுவது உத்தமம். ஓரிரவு தங்க இடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். முதலில் சொல்ல அப்பாவைத் தேர்ந்தெடுப்பதைவிட, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த அத்தையோ அக்காவோ நண்பரோ பரவாயில்லை. சண்டைக்கு நடுவே ஆயுதமாக வீசக் கூடாது. கல்யாண வீட்டிலும் தீபாவளியன்றும் வேண்டாம். பெற்றோரின் முதல் பதில் பெரும்பாலும் கடைசிப் பதிலாக இருப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள நமக்கு எத்தனை வருடம் ஆனது என்று எண்ணிப் பார்த்தால், அவர்களுக்கு இரண்டு வாரம் போதாது என்பது புரியும்.

டேட்டிங் செயலி வழியாக வரவழைத்து, படம் எடுத்து, வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று பணம் பறிக்கும் கும்பல்கள் பெரிய தொல்லை. முதல் சந்திப்பு கூட்டமுள்ள பொது இடத்தில் இருக்கட்டும். மிரட்டினால் ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் தொகை ஏறும். உரையாடலை அழிக்காமல் படம் பிடித்து வைத்து, 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழைக்கலாம். 377 போய்விட்டதால் புகார் கொடுப்பவர் மீது வழக்கு வராது.

உங்களிடம் யாராவது சொன்னால் கேட்கக்கூடாதவை உண்டு: "நிச்சயமா தெரியுமா?", "யார் கெடுத்தது?", "டாக்டரைப் பாத்தியா?", "ஆபரேஷன் ஆச்சா?". கேட்க வேண்டியது ஒன்று: வேறு யாருக்குத் தெரியும், நான் யாரிடம் சொல்லக் கூடாது? மனைவியிடம் மட்டும் சொன்னேன் என்பதும் போட்டுக்கொடுத்ததுதான். திருநங்கை, திருநம்பி என்றால் அவர் சொல்லும் பெயரையும் வந்தாள், வந்தான் என்பதையும் அவர் கேட்கும் விதத்தில் பயன்படுத்துங்கள். அவர் வீட்டுக்குப் போகும்போது எப்படி அழைப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். பேரணிக்குப் போனால் தெரியாதவர் முகம் விழும்படி படம் எடுத்துப் போடாதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள், அல்லது கொடிகளையும் முதுகுகளையும் எடுங்கள்.

ஈர்ப்பை மாற்றித் தருகிறேன் என்று எந்த மருத்துவராவது சொன்னால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யலாம். மனம் தளர்ந்து பேச ஆள் வேண்டும் என்றால் டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். வீட்டார் அடைத்துவைத்தாலோ போலீஸ் தொந்தரவு என்றாலோ இலவச சட்ட உதவிக்கு 15100.